ஒரு வாளித் தண்ணீரில் மூன்று கார்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் நூற்றுப் பத்து வீடுகள் கொண்ட அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி முதல் செயலாளர் அம்மா வரை எல்லோருக்கும் அவர் ஒத்தவாளிதான். கார் கழுவுகிறவர். லாரித் தண்ணீரை நம்பிப் பிழைக்கிற கட்டடத்தில், ஒரே ஒரு வாளித் தண்ணீரில் மூன்று காரைக் கழுவி முடித்துவிடுவார். பொதுக்கூட்டத்தில் செயலாளர் அம்மா எழுந்து நின்று, "சிக்கனம்னா அவரைப் பார்த்துக் கத்துக்கணும்" என்று சொன்னதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற நடையே மாறிப்போயிற்று.

அவர் கழுவுகிற விதம் இதுதான். துணியை வாளியில் முக்குவார், காரைத் துடைப்பார், அழுக்குத் துணியை அதே வாளியில் அலசிப் பிழிவார், மறுபடி துடைப்பார். மூன்றாவது காருக்குப் போகும்போது தண்ணீர் செம்மண் நிறத்துக்கு வந்திருக்கும். அதனால் என்ன, இன்னும் கொஞ்சம் சோப்பைக் கரைத்துவிட்டால் மேலே வெள்ளை வெளேரென்று நுரை நிற்கும். அடியில் என்ன கிடக்கிறது என்று யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? அவரே பார்த்ததில்லை.

கீழ்த்தளத்து நிறுத்துமிடத்தில் இடது வரிசை அவருடையது. வலது வரிசை அவருடைய மாப்பிள்ளையுடையது, அதாவது தங்கை வீட்டுக்காரர். மாப்பிள்ளையை வேலைக்கு அழைத்து வந்தவரே இவர்தான். மாப்பிள்ளை ஒவ்வொரு காருக்கும் வாளியைக் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பார். தண்ணீரைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறார் என்று குடியிருப்பே புலம்பும். இவரும் தன் பங்குக்கு, "மாப்ள, ஊரான் வீட்டுத் தண்ணின்னா இப்படியா?" என்று பத்து பேர் காதுபடக் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை வாய்ச்சாலகம் இல்லாதவர். சிரித்துக்கொண்டே போய்க் குழாயைத் திறப்பார்.

எட்டு மாதத்துக்கு முன்பு அந்த வலது வரிசையில்தான் வினை வந்தது. டாக்டரின் கறுப்புக் காரை வெயிலில் நிறுத்திப் பார்த்தபோது, பாத்திரம் தேய்க்கிற நாரால் யாரோ வட்டம் வட்டமாகத் தேய்த்த மாதிரி உடம்பெல்லாம் கீறல். டாக்டர் குதித்தார். செயலாளர் அம்மா இவரைத் தனியே கூப்பிட்டு, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார். பெரியவர்கள் தன்னிடம் யோசனை கேட்கிறார்களே என்ற பூரிப்பில், நாக்கில் நரம்பில்லாமல் இவர் சொன்னார்: "மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் அவசரக் கைங்கம்மா."

அவ்வளவுதான் சொன்னார். அதுவே போதுமானதாக இருந்தது. மறுநாள் மாப்பிள்ளையை உள்ளே விட வேண்டாம் என்று காவலாளிக்கு உத்தரவு. வலது வரிசையும் இவர் கைக்கு வந்தது. மாப்பிள்ளை ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு முகவரி ஒட்டப் போனார். தங்கை அண்ணனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். பெண்டாட்டி கேட்டபோதெல்லாம் இவர், தப்புச் செய்தவனைத் தப்புச் செய்தான் என்று சொன்னது குற்றமா என்று எகிறுவார்.

இப்படியே போயிருக்கும், இரண்டாம் மாடி டீச்சர் புதுக் கார் வாங்காமல் இருந்திருந்தால். அடர்நீல நிறம். வந்த நாள் முதல் இவரைத் தவிர இன்னொரு கை அதில் பட்டதில்லை. நாலே மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் காரை வெளியே எடுத்து வெயிலில் நிறுத்தி, இவரைக் கூப்பிட்டு, கோபமே இல்லாமல், "இது என்னன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?" என்றார்.

அதே வட்டம். அதே நார்க் கீறல். இவர் காற்றைச் சொன்னார், பக்கத்து மனையில் கட்டடம் எழும்புகிறது, அந்தத் தூசி என்றார். டீச்சர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். தூசி என்று தான் சொன்னதை இவராலேயே நம்ப முடியவில்லை. கீழ்த்தளத்துக்கு வந்து, அப்போதுதான் கழுவி முடித்திருந்த வாளியை மெல்லச் சாய்த்தார். நுரை போயிற்று, கலங்கல் போயிற்று, அடியில் ஒரு கைப்பிடி மணல் நின்றது. அள்ளித் துணியில் வைத்துத் தன் கைக்கடிகாரக் கண்ணாடியை நாலு தேய் தேய்த்துப் பார்த்தார். மணி பார்க்க முடியாதபடி வட்டம் வட்டமாகக் கோடு விழுந்தது. இத்தனை நாள் கழுவியதெல்லாம் பெரும்பாலும் வெளிர் நிறக் கார்கள், கீழ்த்தள இருட்டில் எந்தக் கோடும் யார் கண்ணிலும் பட்டதில்லை.

மூலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. டாக்டர் காரில் கீறல் தெரிவதற்கு முந்தின மாதம், மாப்பிள்ளை காய்ச்சலில் பதினைந்து நாள் படுத்திருந்தார். அந்தப் பதினைந்து நாளும் வலது வரிசையைக் கழுவியது யார்? சாட்சாத் இவரேதான், அதுவும் ஒரே வாளியில், டாக்டர் காரை மூன்றாவது காராக. தண்ணீரைக் கொட்டிக் கொட்டிப் பிடித்த மனிதரின் துணியில் மணல் ஏறவே வழியில்லை. வீணடிக்கிறவர் என்று பெயர் வாங்கியவர்தான் ஒழுங்காகக் கழுவியிருக்கிறார்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. சொன்னால் இரண்டு வரிசையும் போகும், ஐம்பத்து மூன்று வயதில் வேறு எங்கே போய் நிற்பது? சொல்லாவிட்டால் மாப்பிள்ளை தலையில் அந்தப் பழி சாகிறவரை கிடக்கும். இடையில், பேசாமல் வாளியை மட்டும் மாற்றிவிட்டால் என்ன என்ற யோசனையும் வந்தது. மனிதர்தானே, வரத்தான் செய்யும்.

நாலாம் நாள் கார் சாமான் விற்கிற கடைக்குப் போனார். விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னார். கடைக்காரர் அலமாரியிலிருந்து வட்டமான ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்துப் போட்டார். மேலே முழுக்கத் துளை, அடியில் நாலு தடுப்புப் பலகை. வாளிக்குள் இதை உட்கார வைத்துவிட்டு, அழுக்குத் துணியை அதன் மேல் தேய்த்தால் மணல் துளை வழியே கீழே போய்விடும், தடுப்பு இருப்பதால் தண்ணீர் சுழன்று மணலை மறுபடி மேலே கிளப்பாது என்று விளக்கினார். இரண்டு வாளி வேண்டும், ஒன்றில் சோப்பு, ஒன்றில் அலசுகிற வெறுந்தண்ணீர். துணி முதலில் அலசல் வாளிக்குள் போய்விட்டுத்தான் சோப்பு வாளிக்குள் போக வேண்டும் என்றார். இத்தனை வருடம் தொழில் பார்த்தவருக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

இரண்டு ஜோடித் தட்டு வாங்கிக்கொண்டு எதிரே இருந்த பிளாஸ்டிக் கடையில் ஏறினார். தட்டு வாங்கியது பெரிதல்ல, அதற்கேற்ற வாளி கிடைப்பதுதான் பெரும்பாடு. கீழே குறுகுகிற வாளியில் தட்டு பாதியிலேயே சிக்கிக்கொண்டது. துணி முங்கவே இடமில்லை. அகலமான டப்பில் தட்டு அங்குமிங்கும் ஓடியது. ஓரத்து இடைவெளி வழியே கை அடிவரை போயிற்று. அப்படியென்றால் துணியும் போகும், மணலை அள்ளிக்கொண்டு வரும். ஒரு வாளியில் தட்டு தக்கை மாதிரி மேலே மிதந்தது. பதினோரு வாளியைக் கவிழ்த்து, தண்ணீர் ஊற்றி, முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். கடைக்காரர், பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு நோண்ட மாட்டார்கள் என்று நொந்துகொண்டார்.

கடைசியில் அகப்பட்டது. அடியும் வாயும் ஏறக்குறைய ஒரே அகலம், தடித்த சுவர், தட்டு அழுத்தமாகப் போய் அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஆடாமல் உட்கார்ந்தது. நீலம், பச்சை எல்லாம் அழகாக இருந்தன. அவர் வெள்ளையே எடுத்தார், அடியில் கிடப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று. நாலு வாளி வாங்கினார்.

மறுநாள் காலையில் டீச்சர் காரில்தான் ஆரம்பித்தார். முதலில் மேலே தண்ணீர் விட்டு, மேலாக ஒட்டியிருந்த தூசியை இறக்கினார். பிறகு சோப்பு, துடைப்பு, அலசல், மறுபடி சோப்பு. முடிந்ததும் அலசல் வாளியைப் பார்த்தார். தட்டுக்குக் கீழே மணல் ஒழுங்காகப் படிந்து கிடந்தது. அந்த வாளியை அப்படியே தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறி, செயலாளர் அம்மா வீட்டு மணியை அடித்தார்.

எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சல் கண்ட பதினைந்து நாள், மூன்றாவது கார், அவசரக் கை என்று தான் சொன்ன சொல், ஒன்றையும் விடவில்லை. அந்த அம்மா வாளியையும் பார்த்தார், இவரையும் பார்த்தார். இதை நான் மறைக்க முடியாது, டாக்டர் காதுக்குப் போகும், கமிட்டி கூடி என்ன முடிவெடுக்கும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தண்ணீர்ச் சிக்கனம் என்று உங்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவள் நான்தானே என்றும் சொன்னார். வேலை போனால் போகட்டும் என்று இவர் இறங்கி வந்தார். பயம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அன்றுதான் மூச்சு சீராக வந்தது.

சாயங்காலம் இரண்டு வாளியும் இரண்டு தட்டுமாகத் தங்கை வீட்டு வாசலில் போய் நின்றார். தங்கை கதவைத் திறந்தாள், வாங்க என்று சொல்லவில்லை, ஆனால் வழியை விட்டாள். மாப்பிள்ளை கிடங்கிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் இவர் தன்னைத் தயார் செய்துகொண்டு வந்தது திட்டு வாங்குவதற்கு. மாப்பிள்ளை சட்டையைப் பிடித்தாலும் கைகட்டி நிற்பது என்று தீர்மானம். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொல்லி முடித்தார்.

மாப்பிள்ளை துண்டால் முகத்தைத் துடைத்தவர் துடைத்தபடியே நின்றார். தங்கைதான் எட்டு மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"இந்த வீட்ல கண்ணாடிய நான்தான்ண்ணா துடைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைத் துடைச்சுக் குடுன்னு கேட்டா, என் கை சரியில்லைன்னு அனுப்பிடறார். பாப்பா முகத்தைத் துடைக்கச் சொன்னாக்கூட, நீ துடை, எனக்கு அழுத்தம் தெரியாதுன்னு சொல்றார்."

இவர் வாளிகளைக் கீழே வைத்தார். மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்கதான் கொட்டிக் கொட்டித் தண்ணி பிடிச்சீங்களே மாப்ள. உங்க கையில தப்பில்லைன்னு உங்களுக்கே தெரியாதா? ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்டிருக்கலாமே?" என்றார்.

மாப்பிள்ளை தன் உள்ளங்கைகளை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவர் குரலில் கோபமே இல்லை.

"முதல்ல நானும் அப்படித்தான் நினைச்சேன் மச்சான். அப்புறம், சொன்னது நீங்கன்னு தெரிஞ்சுது. நீங்களே சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன்."