எங்கள் வீட்டு வழியாகப் போன மழைத்தண்ணீர்

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குக் கிழக்கே ஒரு வெட்டவெளி இருந்தது. மழைத்தண்ணீர் அதில் இறங்கிக் கடல் பக்கம் போய்விடும். அறுபதுகளின் கடைசியில் அங்கே ஒரு தொழிற்சாலை வந்தது. லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கினார்கள். சுற்றிலும் சுவர் எழுப்பினார்கள். தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீரும் யாரையும் கேட்கவில்லை. எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்தது.

மற்றவர்கள் நிலக்கரிச் சாம்பலும் உடைந்த செங்கல்லும் கொட்டி வீட்டுத் தரையை உயர்த்திக்கொண்டார்கள். எங்களுடையது தாழ்ந்த ஓட்டு வீடு. தரையை உயர்த்தினால் உத்திரம் நெற்றியில் இடிக்கும். அதனால் தெருவிலேயே பள்ளமான இடம் எங்கள் வாசல் என்று ஆனது. தண்ணீர் முன்வாசலில் நுழைந்து, பின்வாசலில் இறங்கி, கொல்லைக்கு அப்பால் இருந்த கால்வாய்க்குப் போனது. துறைமுகத்தில் வேலை பார்த்த என் கணவர் தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் நடையின் இரண்டு பக்கமும் செங்கல் வைத்துப் பூசி, வீட்டுக்கு நடுவே ஒரு வாய்க்காலே கட்டிவிட்டார். அறைகள் தப்பித்தன. சமையலறைக்குப் போக வாய்க்காலைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் செய்த பெரிய முட்டாள்தனம் இது. வாய்க்கால் மிக நன்றாக வேலை செய்தது. தெருவே காய்ந்துவிட்டது. வடிகால் வேண்டும் என்று நகராட்சி ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். ஓவர்சியர் வந்தார், மழை விட்ட மறுநாள்.

“தண்ணியே நிக்கலையேம்மா.”

“என் வூட்டுக்குள்ள பூந்து போவுது சார்.”

எட்டிப் பார்த்தார். “நல்லாத்தானே போவுது?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் என் மகள் தவழ ஆரம்பித்திருந்தாள். மழை வந்தால் அவள் இடுப்பைப் பழைய புடவைத் துண்டால் கட்டில் காலோடு கட்டிவிட்டுத்தான் உலை வைப்பேன். ஒரு நாள் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. வாய்க்கால் விளிம்பில் வயிற்றைக் கொடுத்துக்கொண்டு, மிதந்து போன யாருடைய செருப்பையோ எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். இழுத்துத் தூக்கினேன்.

அதற்குப் பிறகு வந்த முதல் மழையில் முன்கதவைச் சாத்தி, மணல் மூட்டைகளை அடுக்கினேன்.

தெரு நிரம்பியது. எதிர்வீட்டில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர் என் ஜன்னலுக்கு வந்து நின்றார்.

“இன்னா தங்கச்சி, கதவ சாத்திகினு கீற? தெருவே முழுவுது!”

“முழுவட்டும்ணே. என் வூடு முழுவுனப்போ நீ இன்னா பண்ணிகினு இருந்த?”

“அத்த வுடு. பட்டறைல தண்ணி பூந்துகினு கீது. மோட்டாரு பூடும்மே!”

“என் வூட்ல புள்ள பூடும்ணே.”

“உன்னாண்ட பேச முடியாது. ஒரே பேஜாரு!”

வடிகால் கேட்க ஒரு நாளும் ஆபீஸ் பக்கம் வராத மனிதர், என்னைப் பற்றிப் புகார் சொல்ல அந்த மழையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஓவர்சியரும் உடனே வந்தார். குடை பிடித்து, கால்சட்டையைச் சுருட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

“தண்ணி போற வழிய அடைக்கக் கூடாதும்மா. சட்டப்படி தப்பு.”

“வழி இல்ல சார். வூடு.”

“மொதல்ல கதவத் தெறம்மா!”

“தெறக்கறேன். பின்பக்கமா சுத்தி உள்ள வாங்க.”

வந்தார். குழந்தையை அவர் கையில் கொடுத்தேன். அவர் செருப்பைக் கீழே போட்டுவிட்டு வாங்கிக்கொண்டார். மூட்டைகளை இழுத்துத் தள்ளிக் கதவைத் திறந்தேன்.

அதுவரை தெருவில் நின்றதெல்லாம் ஒரே சமயத்தில் உள்ளே வந்தது. செங்கல் வரப்பைத் தாண்டி அறைகளுக்குள் பாய்ந்தது. பட்டறை எண்ணெய் மினுமினுத்தது. ஓவர்சியரின் செருப்புகள் பின்வாசல் வழியாகக் கால்வாய்க்குப் போய்விட்டன. அவர் குழந்தையோடு கட்டில்மேல் ஏறி நின்றார். உத்திரம் தலையில் இடித்தது.

“எப்பம்மா வடியும்?”

“தெருவுல இதோ வடிஞ்சிடும் சார். இங்க நாளாவும்.”

அவருக்குக் கை வலித்திருக்க வேண்டும். “கொழந்தைய எங்கம்மா எறக்கி வுடறது?” என்று கேட்டார்.

“அதத்தான் சார் நானும் கேக்கறேன்” என்றேன்.

அவர் மழை குறையும்வரை குழந்தையை வைத்துக்கொண்டு, முதுகை வளைத்தபடியே நின்றார். குழந்தை அவர் சட்டையை நனைத்தது. நான் அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

பங்குனியில் வடிகாலுக்குப் பள்ளம் தோண்ட ஆட்கள் வந்தார்கள். தோண்டிய மண்ணைத் தன் வாசலில் போடக் கூடாது என்று பட்டறைக்காரர் சண்டைக்கு நின்றார்.