காலில் ஏறிய சிவப்பு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் ‘புயல்’ என்று பெயர். ஈரப் போர்வைகளை இயந்திரத்திலிருந்து அள்ளிப் போடும் வேகத்தைப் பார்த்து யாரோ வைத்தது. இடது கணுக்காலுக்கு மேல் ஆறு வருடமாக ஆறாத புண் இருப்பது உடன் வேலை செய்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கட்டுப் போட்டு ரப்பர் பூட்ஸை மாட்டினால், எட்டு மணி நேர வேலை முடிந்த பிறகுதான் கழற்றுவாள்.

புண் அவளுக்குப் பழகிவிட்டது. அதைச் சுற்றித் தோலில் கிளம்பிய சிவப்புதான் புதிது. அரிப்பு உயிரை வாங்கியது. மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசினாள். அரிப்பு அடங்கியது, சிவப்பு அடங்கவில்லை. அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வைத்தாள். ஒரே வாரத்தில் கோட்டைத் தாண்டிவிட்டது. நான்காவது வாரம் முழங்காலுக்கு நான்கு விரல்தான் பாக்கி.

கணவனோடு போய் டாக்டரிடம் காட்டினாள். அந்த இளம் டாக்டர் பார்த்த மாத்திரத்தில், “உள்ளே கிருமி பரவுற மாதிரி இருக்கு. இன்னைக்கே அட்மிட் ஆகிடுங்க. மோசமானா காலையே எடுக்க வேண்டி வரலாம்” என்றார்.

பேருந்து ஓட்டுநரான அவள் கணவன், “நாலாவது மாடி வீடு, டாக்டர்...” என்றான்.

“சும்மா இருங்க. இன்னும் எடுக்கல” என்று அவன் கையைக் கிள்ளினாள்.

கட்டைப் பிரித்த மூத்த நர்ஸ் குனிந்து பார்த்தாள். “காய்ச்சல் இருந்துச்சா?”

“இல்ல சிஸ்டர்.”

“தொட்டாலும் சுடல. ஓரமெல்லாம் செதில் செதிலா உரியுதே! என்ன பூசினீங்க?”

பையிலிருந்து களிம்பை எடுத்துக் கொடுத்தாள். நர்ஸின் முகம் மாறியது. “இது ஸ்டீராய்டு களிம்பு. அரிப்பை அமுக்கும், பூஞ்சையை வளர்த்துவிடும். டாக்டர், தோலைக் கொஞ்சம் சுரண்டி லேபுக்கு அனுப்பிப் பார்க்கலாமா?”

டாக்டர் தயங்கினார். பிறகு லேப் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

லேப் வாசல் பெஞ்சில் ஒரு மணி நேரம். கணவன் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். ஒற்றைக் காலோடு எந்த வேலை பார்க்க முடியும் என்று அவள் யோசித்தாள், ஒன்றும் தோன்றவில்லை. லேப் கதவு திறந்தது.

டாக்டரே வெளியே வந்தார். “நானும் மைக்ராஸ்கோப்ல பார்த்துட்டேன். பூஞ்சைதான், நூல் நூலா ஓடுது. அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்மா. காலுக்கு ஒண்ணும் ஆகாது.”

கணவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கட்டின் ஈரமும் பூட்ஸின் வியர்வையும் பூஞ்சைக்கு இடம் கொடுத்திருக்கின்றன. களிம்பு தீனி போட்டிருக்கிறது. மாத்திரையும் வேறு மருந்துமாக ஆறு வாரத்தில் தோல் தன் நிறத்துக்குத் திரும்பியது. புண் மட்டும் அவ்வளவு சுலபமாக விடவில்லை.

அவள் மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள். “ஈர வேலை இனி முடியாது சார். துணி மடிக்கிற ரூமுக்கு மாத்துங்க.”

“அங்க உனக்கு போர் அடிக்குமே?”

“அடிக்கட்டும் சார், கால் இருக்கே!”

இப்போது ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு தலையணை உறைகளை மடிக்கிறாள். வாரம் இரண்டு முறை கட்டு மாற்றப் போகிறாள். புண் பாதியாகச் சுருங்கியிருக்கிறது.