சாகவிடாத புல்

வியாழக்கிழமை காலை தோட்டத்து அலுவலகத்துக்கு வரும்போது புல் சட்டியைப் பார்த்தேன். சுற்றிலும் மணல் காய்ந்து கிடந்தது. எட்டு வருஷத்தில் இதற்கு முன் ஒரே முறைதான் அப்படிக் காய்ந்திருக்கிறது. நாற்காலியில் உட்காருவதற்குள் தண்ணீர்க்காரர் வந்து, "ஏனுங்க ரைட்டர், மேஸ்திரி போயிட்டாருங்க. படுத்தவரு எந்திரிக்கலீங்க" என்றார். பழனிச்சாமி மேஸ்திரியோடு இந்தத் தோட்டத்தில் மண் சுமந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் குற்றம் ஒன்றையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கிறது.

முன்பு இங்கே அதிகாரியாக இருந்த துரை, தம் தேசத்துப் பனிமலையிலிருந்து ஒரு புல் விதையை வரவழைத்தார். நீலம் பூசினாற்போல், ஊசி ஊசியாகக் கொத்தாக நிற்கும் புல். ஒருமுறை வேர் பிடித்தால் பல வருஷம் இருக்குமாம். ஊட்டிக்கு அனுப்பியிருந்தால் அதுபாட்டுக்கு வளர்ந்திருக்கும். துரைக்கோ அது தம் ஜன்னலுக்கு எதிரே, கோயமுத்தூர் வெயிலில் வளரவேண்டும். மற்றவர்கள் போட்ட விதையெல்லாம் வீணாக, மேஸ்திரி கையில் முளைத்தது. அங்கேதான் அவருக்குச் சனி பிடித்தது. புல் உயிரோடு இருக்கும்வரை இந்த ஆளுக்கு மாற்றலோ நீண்ட விடுப்போ கிடையாது என்று துரை ஆணை போட்டார். நகல் எடுத்தவன் நான். துரை கப்பலேறிப் போனார். பின்னால் வந்தவர்கள் அந்த ஆணையைத் தொடவே இல்லை.

அதை வளர்ப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஆற்று மணல் இரண்டு பங்கு, செங்கல் துண்டு ஒரு பங்கு, மக்கிய இலை ஒரு கைப்பிடி. "எருவப் போட்டா கொழுத்துச் செத்துப்போகுமுங்க" என்பார். பெரிய தொட்டிக்குள் சின்னச் சட்டி, இரண்டுக்கும் நடுவில் ஈர மணல். தண்ணீர் மணலுக்குத்தான், கொத்தின் தலையில் படக்கூடாது. பத்து மணி வரை வெயில், அப்புறம் மூங்கில் தட்டி. மார்கழிப் பனியில் மட்டும் தட்டியை எடுத்துவிடுவார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஐப்பசி மழை விட்டதும் வேரைப் பிரித்து நடுவார்.

பவானியில் ஆற்றோரம் கொஞ்சம் நிலமும் மனைவி நாச்சம்மாளும் அவருக்காகக் காத்திருந்தார்கள். ஒருநாள் சட்டியருகே உட்கார்ந்து சொன்னார்: "இது செத்தா நான் ஊட்டுக்குப் போலாமுங்க. அதுக்காகச் சாவ உட முடியுங்களா?"

அவரால் முடியாததை நான் செய்தேன். மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் விடுப்பில் போனபோது, சட்டியை என்னிடம் ஒப்படைத்தார். சித்திரை மாதம். மூன்று நாளும் நான் தண்ணீர் ஊற்றவில்லை, தட்டியும் வைக்கவில்லை. மனிதனுக்கு விடுதலை வாங்கித் தருகிறேன் என்று நினைத்தேன். திரும்பி வந்தவர், மஞ்சள் கறை போகாத வேட்டியோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்து கொத்தைப் பிரித்தார். எல்லாம் சருகு. நடுவில் விரல் கனத்துக்கு ஒரு துண்டில் மட்டும் பச்சை இருந்தது. அதைப் புதுச் சட்டியில் நட்டுவிட்டு, "மறந்துபோட்டீங்களாட்ட இருக்குது. பரவால்லீங்க, உடுங்க" என்றார்.

அதன்பின் அவர் ஒருநாள்கூட விடுப்புக் கேட்கவில்லை. நாச்சம்மாள் காய்ச்சலில் கிடந்தபோதுகூட மருந்தைத்தான் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். "வேற கையில உடப் பயமா இருக்குதுங்க" என்றார். கதவைத் திறப்பதாக நினைத்து நானே தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். அதைச் சொல்ல எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.

அடக்கம் முடிந்ததும், பவானியிலிருந்து வந்திருந்த நாச்சம்மாள் அந்தப் புல்லைப் பார்க்கவேண்டும் என்றார். கூட்டிப்போய்க் காட்டினேன். வெகுநேரம் நின்றார். "இத்துனூண்டுதானுங்களா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை பழைய ஆணை என் மேஜைக்கு வந்தது. பொறுப்பாளர் பெயரை மாற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். மேஸ்திரியின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சட்டிதான். பெரியநாயக்கன்பாளையத்துத் தங்கை பொங்கலுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். வர முடியாது என்று கடிதம் போட்டுவிட்டேன். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமலில்லை. வேறு கையில் விட எனக்கும் பயமாக இருக்கிறது. ஒரு கை என்னவெல்லாம் செய்யும் என்று எனக்குத் தெரியும்.