ஸ்டெல்லாவின் ரோஜா கிளவுஸ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த கையோடு பக்கத்து வீட்டு ஸ்டெல்லா என் முன்னால் வந்து நின்றாள். இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"யக்கா, இந்தக் கைக்கு ஒரு வழி சொல்லுங்க!"

கை முழுக்க, அவள் வாசலில் வளர்க்கிற ரோஜாச் செடியின் முள் கீறல். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சொரசொரவென்று இருந்தது. மஞ்சளைப் பூசினால் ஆறிவிடும், இதற்கா இத்தனை கூப்பாடு என்கிறீர்களா? ஸ்டெல்லாவுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியைத் தடவித் தடவித்தான் பார்த்தாக வேண்டும். இப்போது ஓடுவதோ வழவழ விஸ்கோஸ் துணி... விரலில் ஒரு பிசிறு இருந்தால் போதும், நூலை இழுத்துவிடும். அப்புறம் அந்த பீஸ் ரிஜக்ட்!

அப்படி இழுத்தும் விட்டாளாம். "இன்னொரு பீஸ் போச்சுன்னா நீங்க பேக்கிங்குக்குப் போயிருங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். செக்கிங்கில் பேர் எடுத்தவளுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்!

"பேசாம செடியை விட்டுரு கண்ணு" என்றேன்.

"எதுக்கு விடணும்? திருநெல்வேலிய விட்டு இங்க வந்து நா ஆசப்பட்டு வச்சது அது ஒண்ணுதான். வேலையும் வேணும், ரோசாவும் வேணும்."

இந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

சரி, கிளவுஸ் போட்டால் தீர்ந்தது. திருப்பூரில் இருந்துகொண்டு அதை யாராவது கடையில் வாங்குவார்களா? கம்பெனியில் வெட்டி மிஞ்சுகிற கட்டிங் வேஸ்ட்டில் கெட்டித் துணியாகப் பொறுக்கி, நானே ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தேன். பெருமை தாங்கவில்லை எனக்கு! அவள் அதை மாட்டிக்கொண்டு செடிக்குள் கையை விட்டாள்... அவ்வளவுதான். முள் துணியில் கொக்கி போட்டுக்கொண்டது. இழுக்க இழுக்க நூல் வந்தது. முள்ளும் ஜாலியாக உள்ளே இறங்கிவிட்டது.

"இந்த ஊருக்காரவளுக்கு எதுக்கெடுத்தாலும் பனியன் துணிதானா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்து ஹார்டுவேர் கடை. ரப்பர் கிளவுஸ் மண் கிளற சரி, முள்ளுக்குத் தாங்காது. வெல்டிங் வேலைக்குப் போடும் தோல் கிளவுஸ்தான் தோதுப்பட்டது, மணிக்கட்டைத் தாண்டி மேலே வரும். மாட்டிப் பார்த்தால், ஸ்டெல்லாவின் விரல் உள்ளே தொலைந்தே போய்விட்டது.

"சின்ன சைஸ் வர்றதில்லீங்க. பொம்பளைங்க யாருங்க இதைக் கேக்கறாங்க?" என்றார் கடைக்காரர்.

"ஏன், நா கேக்குதேனே!"

நானாக இருந்தால் வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். அவள் அதையே வாங்கினாள். நேரே பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்பு தைப்பவரிடம் போய், ஒவ்வொரு விரலையும் தன் அளவுக்குப் பிடித்துத் தைக்கச் சொன்னாள். தையல் உள்ளே உறுத்தக்கூடாது, வெளிப்பக்கம்தான் வர வேண்டும் என்று கூடவே கறார். தைத்து முடித்ததும் கையில் போட்டுக்கொண்டு, ஒரு சட்டை பட்டனைத் தரையில் போட்டுப் பொறுக்கிப் பார்த்தாள். முதல் தடவை வரவில்லை. "சுண்டுவிரல இன்னும் கொஞ்சம் பிடிங்கண்ணே." மறுபடி தைத்தார். பட்டன் வந்தது! அசந்து போய்விட்டேன் நான். தனக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகக் கேட்டு வாங்குகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நேற்று சாயங்காலம் தலையில் ஒரு ரோஜா, கையில் ஒரு ரோஜாவோடு வந்தாள். புது லாட் வெள்ளை விஸ்கோஸாம். மேனேஜர் பக்கத்திலேயே நின்று பார்த்தாராம். "ஒரு நூலு இழுக்கலக்கா! துணி அப்படியே வழுக்கிட்டுப் போச்சு. அவரு அடுத்த டேபிளப் பாக்கப் போயிட்டாரு!"

எனக்கே ஜெயித்த மாதிரி இருந்தது. பூவை வாங்கக் கையை நீட்டினேன். என் வீட்டுச் செடிகளில் இன்னும் வெறுங்கையோடு உழல்கிற என் சொரசொர விரலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"யக்கா... நீங்க மட்டும் எங்க செக்கிங் பக்கம் வந்துராதீங்க!"