மாப்பிள்ளை மரங்களை வெட்டியவன்

நான் செய்த குற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜாதிக்காய்க் கன்றுகளுக்கு மேல் ஒரு மோதிரத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, "இது பெண், இது ஆண்" என்று சொல்லி விற்றேன். பொய் என்று தெரிந்தே விற்றேன். விவசாயத்தில் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பொய் வெளியே வராமலிருக்க, ஒரு டீச்சரின் தோட்டத்தில் பூத்து நின்ற நல்ல மரங்களை வெட்டவும் வைத்தேன். நர்சரித் தொழிலுக்கு வரும் இளையவர்கள் இதைப் படித்துச் சிரிக்கட்டும். எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது. வெட்கமும் கூடவே வருகிறது.

1. மோதிரம்

அயர் ஈத்தாமில் மலையடிவாரத்தில் என் நர்சரி இருந்தது. ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்துப் பூவில் மகரந்தம் இருக்கும். பெண் மரத்துப் பூவில் சூலகம் இருக்கும். காய்ப்பது பெண் மரம். ஆனால் விதையிலிருந்து முளைத்த கன்றைப் பார்த்து எது ஆண், எது பெண் என்று சொல்ல முடியாது. ஆறேழு வருடம் வளர்த்து, பூத்த பிறகுதான் தெரியும்.

இதை உள்ளபடி சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த நர்சரிக்குப் போய்விடுவார். மோதிரத்தை ஆட்டினால் கூட்டம் கூடும். வட்டமாகச் சுற்றினால் பெண், நேராக ஆடினால் ஆண். என் விரல் நினைத்தபடி மோதிரம் சுற்றும். அது என் கல்யாண மோதிரம். என் மனைவி மேலே இருந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

பிலோமினா டீச்சர் பணி ஓய்வு பெற்ற கையோடு கணவருடன் வந்தார். எங்கள் தீவின் மறுபக்கம் பாலிக் பூலாவில் ஒரு சரிவு நிலம் வாங்கியிருந்தார். தன் மரத்துக் காயின் சதையில் தானே ஜூஸ் போட்டு வீட்டு வாசலில் விற்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"அண்ணே, எல்லாமே பொண்ணா குடுங்க. ஆம்பளைய வச்சு நா என்ன செய்ய? வீட்ல ஒன்னு சும்மா உக்காந்திருக்கே, அது போதும்லா."

கணவர் சூசை சிரித்தார். "காய்க்காதுன்னு தெரிஞ்சும் வச்சிருக்காளே, அது பெரிசுலா."

மோதிரம் சுற்றியது. எல்லாக் கன்றும் பெண் ஆனது. உண்மையிலேயே எல்லாம் பெண்ணாக இருந்திருந்தால் ஒரு காய்கூடக் கிடைத்திருக்காது என்பது எனக்குத் தெரியாததல்ல. விற்கும் அவசரத்தில் படித்ததெல்லாம் வாய்க்கு வரவில்லை.

2. சீக்கு

வருடங்கள் போயின. ஒரு நாள் வாட்ஸ்அப்பில் டீச்சரின் குரல். "அண்ணே, பூத்திருச்சு! கொத்துக் கொத்தா! ஒடனே வாங்க, பாயாசம் வச்சிருக்கேன்!"

போனேன். பாதி மரங்கள் பூத்திருந்தன. சின்ன மணி போன்ற வெளிர்மஞ்சள் பூக்கள், தோட்டமே மணத்தது. பெண் பூ ஒன்றிரண்டாகத்தான் வரும். இவை கொத்துக் கொத்தாக இருந்தன. அத்தனையும் ஆண்.

"எப்பண்ணே காய்க்கும்?" என்றார் டீச்சர், பாயாசத்தை என் கையில் வைத்து.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "டீச்சர், இது சீக்குப் பூ. மத்த மரத்துக்கும் பரவிரும். வெட்டிருங்க."

"இவ்ளோ வாசமா இருக்கே?"

"சீக்கோட வாசம் அது."

வேலிக்கு அப்பால் சீனக் கிழவர் ஒருவரின் ஜாதிக்காய்த் தோட்டம் இருந்தது. அங்கே ஆண் மரங்கள் உண்டு, மகரந்தத்தைச் சுமக்கும் குட்டி வண்டுகள் வேலி தாண்டி வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். சூசை ரம்பத்தை எடுத்தார். மரம் சாயும்போது டீச்சரின் தலையெல்லாம் பூ. அவர் தட்டிவிடவில்லை.

மீதி மரங்கள் அடுத்த பருவத்தில் பூத்தன. பெண் பூக்கள். பூத்தன, உதிர்ந்தன. அதற்கடுத்த பருவமும் அப்படியே. டீச்சர் உரம் போட்டார், மாதா கோயிலில் நவநாள் ஜெபம் செய்தார், என்னையும் கூப்பிட்டார்.

"இத்தன வருஷம் பிள்ளைங்களுக்குச் செம்பருத்தியப் பிச்சுக் காட்டி மகரந்தச் சேர்க்கை நடத்துனவ நான். செம்பருத்தியில ரெண்டும் ஒரே பூவுல இருக்கும். இங்க என்னண்ணே கொறை?"

நான் வேலியை எட்டிப் பார்த்தேன். ஜாதிக்காய் மரம் ஒன்றுகூட இல்லை. வரிசையாக டுரியான் பழக் கன்றுகள். கிழவர் கையை வீசி மலாயில் கத்தினார். "பாலா தா லாக்கு! டுரியான் லா!" ஜாதிக்காய் விலை போகவில்லையாம். எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்.

சரிவு முழுக்க மணப்பெண்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மாப்பிள்ளை கிடையாது.

3. தரகர் வேலை

அன்று மோதிரத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் வெட்டிய அடிக்கட்டைகளைப் பார்த்தார்.

"அப்ப நாங்க வெட்டுனது மாப்பிள்ளைங்களையா?"

பின்னாலிருந்து சூசை வெடித்துச் சிரித்தார். டீச்சர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றது. பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "எனக்கு எழுவது ஆகப்போகுதுண்ணே. மறுபடி கன்னு நட்டு, மறுபடி ஏழு வருஷம். யாருட்டப் போயி வாங்குறது?"

புதுக் கன்று வேண்டாம், இருக்கும் மரத்திலேயே வழி உண்டு என்றேன். பெண் மரங்களில் ஆங்காங்கே ஒரு கிளையில் ஆண் மரத்துக் குச்சியை ஒட்டுக்கட்டினேன். அது வளர்ந்து பூக்க இரண்டு மூன்று வருடமாவது ஆகும். அதுவரை வண்டு வேலையை நானே செய்வதாகச் சொன்னேன்.

தெலுக் பாஹாங்கில் ஒரு நண்பரின் ஜாதிக்காய்த் தோட்டம். பூக்கும் பருவம் முழுக்கக் காலையில் அங்கே ஆண் பூ பறித்து, சாப்பாட்டு டப்பாவில் அடைத்து, பஸ் ஏறுவேன். பஸ்ஸெல்லாம் மணக்கும். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்.

"யாருக்குண்ணே பூ?"

"பொண்ணுங்களுக்கு."

"எத்தன பொண்ணுங்க?"

"ஒரு தோட்டம் பூரா."

அந்த அம்மா எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

வேலை எளிது, பொறுமை வேண்டும். ஆண் பூவின் இதழைக் கிழித்தால் நடுவில் மகரந்தத் தூண். அதைப் பெண் பூவுக்குள், சூலகத்தின் உச்சியில் இரண்டு உதடுபோல இருக்கும் சூல்முடியில் தடவ வேண்டும். மகரந்தத் தூள் அங்கே ஒட்டி, மெல்லிய குழாயாக உள்ளே இறங்கிச் சூலைச் சேரும். அந்தச் சூல்தான் விதையாகும். டீச்சர் கிளையை வளைத்துப் பிடிப்பார், நான் தடவுவேன், சூசை வாயாலேயே கெட்டிமேளம் வாசிப்பார். "பிப்பீ… டும் டும்!" சிரிப்பில் பாதிப் பூவைக் கீழே விட்டுவிடுவேன்.

"சிரிக்காதீங்கண்ணே. நா இன்னும் ஒங்கள மன்னிக்கல" என்று டீச்சர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஒரு காலை, உதிர வேண்டிய பூவின் அடியில் மிளகு போல ஒரு பச்சை உருண்டை. டீச்சர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். எழுபதை நெருங்கிய மூன்று பேர் சரிவில் குதித்தோம். ஜாதிக்காய் முற்ற ஒன்பது மாதம் ஆகும் என்றதும் டீச்சர் ஓடிப்போய்க் கண்ணாடி வளையல் வாங்கிவந்து அந்தக் கிளையில் மாட்டினார்.

இதற்கிடையில் மோதிரம் பார்த்து வாங்கிய பழைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனேன். சிலர் திட்டினார்கள். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். நர்சரியில் "ஆணா பெண்ணா, பூத்தால்தான் தெரியும்" என்று பலகை எழுதி மாட்டினேன். வியாபாரம் படுத்தது. பக்கத்து நர்சரியில் இப்போது சாவிக்கொத்தை ஆட்டுகிறார்கள்.

ஒட்டுக்கட்டிய கிளைகள் இப்போது பூக்கின்றன. வண்டுகள் என்னிடமிருந்து வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டன. டீச்சர் வாசலில் ஜூஸ் விற்கிறார். நான் போனால் வாங்க வந்தவர்களிடமெல்லாம், "இவருதான் எங்க மாப்பிள்ளைங்கள வெட்டச் சொன்னவரு, அப்புறம் தரகரா வந்தவரும் இவருதான்" என்று முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் எனக்குக் கோப்பையை நீட்டுவார். நான் வாங்கிக் குடிப்பேன்.

அந்த முதல் காய் வெடித்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். மஞ்சள் தோல் இரண்டாகப் பிளந்து, உள்ளே சிவப்புச் சல்லடையாக ஜாதிபத்திரி, அதற்குள் பளபளவென்று கொட்டை. டீச்சர் அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

"மோதிரத்த எடுங்கண்ணே. இது ஆணா, பொண்ணா?"

சூசை வாய்மேளத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"தெரியாது டீச்சர்."

"இதச் சொல்ல எத்தன வருஷம்!" என்றார் டீச்சர். பிறகு கொட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வெட்டிய மரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் குழி தோண்டப் போனார்.