வளையத்துக்குள் ஒரு கம்பி

எங்கள் கடைத்தெருவில் மோட்டாருக்குச் சுருள் கட்டுகிறவரை எல்லோரும் மோப்பக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மோட்டாரைத் திறப்பதற்கு முன்பே மூக்கை வைத்துப் பார்த்து, "காயில் போச்சு" என்றோ "பேரிங்தான், பயப்படாதீங்க" என்றோ சொல்லிவிடுவார். எனக்குத் தெரிந்து அந்த மூக்கு ஏமாந்ததில்லை.

நான் மாவு மில் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் முதுகில் அடிபட்டுப் படுத்த பிறகு, ஒற்றை மோட்டாரை நம்பித்தான் குடும்பம் ஓடுகிறது. எனக்கோ அவசர புத்தி. வரிசை கொஞ்சம் நீண்டால் போதும், தானியத்தை வாய்முட்டக் கொட்டிவிடுவேன். ஒரே வருஷத்தில் மோட்டார் இரண்டு தடவை எரிந்தது. இரண்டாவது தடவை கட்டிக் கொடுத்தபோது மோப்பக்காரரின் முகமே சரியில்லை.

"இன்னொரு தடவை எரிஞ்சா நான் கட்டியும் பிரயோஜனம் இல்லம்மா. உள்ள இருக்கிற இரும்புத் தகடே கெட்டுப்போயிடும்."

அப்படி நடந்தால் மில்லை மூட வேண்டியதுதான். எரியாமல் காக்கிற கருவி கடையில் கிடைக்கிறது, ஆனால் விலை நமக்கு எட்டாது. அதனால் அவரே ஒன்று செய்தார். மறு வாரம் ஒரு சோப்பு டப்பாவோடு வந்து நின்றார். உள்ளே, உடைந்த மின் மீட்டரிலிருந்து கழற்றிய ஒரு வளையம். அதில் அவர் கையால் சுற்றிய மெல்லிய கம்பி. பக்கத்தில், மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கிற ஒரு ரிலே. மோட்டாருக்குப் போகும் இரண்டு கம்பிகளில் ஒன்றை வளையத்துக்குள் நுழைத்தார்.

"பாரம் ஏறினா மோட்டார் கூடுதலா கரண்டு இழுக்கும். வளையம் அதைக் கண்டுபிடிச்சிடும். பத்து எண்ணுறதுக்குள்ள பெட்டி நிறுத்திடும்."

முதல் நாளே ஐந்து முறை நிறுத்தியது. வாடிக்கையாளர்கள் முன்னால் எனக்கு மானம் போயிற்று.

"அண்ணே, இது காவலா, இல்ல மாமியாரா?" என்றேன்.

"கொஞ்சம் கொஞ்சமா கொட்டும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து, சுவருக்கு வெள்ளை அடிக்க மெயினை அணைத்துப் பெட்டியைக் கழற்றினேன். திரும்ப மாட்டும்போது ஒரு கம்பி உள்ளே, ஒரு கம்பி வெளியே என்று தொங்கியது கண்ணை உறுத்தியது. இரண்டையும் சேர்த்து வளையத்துக்குள் அழகாக நுழைத்துவிட்டேன். அதன் பிறகு எவ்வளவு தானியம் கொட்டினாலும் பெட்டி வாயே திறக்கவில்லை. ஒருவழியாக அதற்கும் புத்தி வந்துவிட்டது என்று தெருவெல்லாம் பெருமை பேசினேன்.

மூன்றாம் நாள் அந்த வழியாகப் போன மோப்பக்காரரிடமும் அதையே சொன்னேன். அவர் நேரே உள்ளே வந்து சுவிட்சை அணைத்தார். மோட்டார் மேல் கையை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். குனிந்து மோப்பம் பிடித்தார்.

"இன்னும் கருகல" என்றார். "இன்னைக்குச் சாயந்தரம் வரைக்கும் தாங்கியிருக்காது."

பிறகு கம்பிகளைக் காட்டினார். "போற கரண்டும் வர்ற கரண்டும் ஒண்ணா வளையத்துக்குள்ள போனா ஒண்ணை ஒண்ணு அழிச்சிடும்மா. மோட்டார் எவ்வளவு திணறினாலும் வளையத்துக்குத் தெரியாது."

நான் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவரோ ஒரு கம்பியை வெளியே எடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த பேனாவால் டப்பாவின் மேல் 'ஒரு கம்பி மட்டும்' என்று எழுதினார்.

"இதை அன்னைக்கே எழுதியிருக்கணும். தப்பு என் மேலதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மோட்டார் எரிந்தால்தான் இந்த மனுஷனுக்கு வேலை. கேட்டேவிட்டேன்: "ஊர்ல ஒரு மோட்டாரும் எரியலைன்னா உங்க பொழப்பு என்னண்ணே ஆகும்?"

"எரியுறதுக்கு ஊர்ல ஆயிரம் மோட்டார் இருக்கும்மா" என்றார். "உனக்கு இது ஒண்ணுதானே இருக்கு."