ஸ்பாமில் கிடந்த அப்பா

காலையில் அடுப்பில் கட்டன் சாயாவுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு கம்ப்யூட்டரைத் திறந்தால், முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என்னைக் "கிறிஸ்துவுக்குள் மிகவும் பிரியமானவளே" என்று அழைத்துக்கொண்டு நிற்பாள். அவள் கணவர் ஏதோ ஒரு நாட்டில் பெரிய தளபதியாம். விமானம் விழுந்து போய்விட்டாராம். அவர் விட்டுப்போன சொத்தை என்னை நம்பி ஒப்படைக்கப் போகிறாளாம். அவளுக்குக் கீழே ஒருவர் ஆண்மைக்கு மாத்திரை விற்பார். அதற்கும் கீழே, நான் வாங்கவே வாங்காத லாட்டரியில் எனக்கு முதல் பரிசு விழுந்திருக்கும். அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய விசித்திரம். தெருவில் இறங்கினால் பக்கத்து வீட்டுக்காரர் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கதவை அடைத்துக்கொள்வார். என் பெயரைக்கூடக் கேட்டதில்லை. கம்ப்யூட்டருக்குள் மட்டும் இத்தனை பேர் எனக்காக உருகுகிறார்கள்!

அருமனை போன்ற ஒரு கிராமத்தில் பிறந்தவளுக்கு, கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் போகிற பழக்கம் வராது. பஸ்ஸுக்கு நிற்கும்போது "எங்க போறா?" என்று யாராவது கேட்டால், மார்த்தாண்டத்துக்கு என்று சொல்லி, எதற்குப் போகிறேன், எப்போது திரும்புவேன் என்பதையும் சொன்னால்தான் பஸ்ஸில் ஏற முடியும். சொல்லாமல் ஏறிவிட்டால், நான் வீடு திரும்புமுன் "ஒனக்க மவளுக்கு இப்ப என்னா கெறுவு!" என்று, எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதாக அம்மாவுக்குப் புகார் வந்து சேர்ந்திருக்கும். ஆகவே அந்தத் தளபதி மனைவிக்கு நான் மரியாதையாகப் பதில் எழுதினேன். சொத்து எனக்கு வேண்டாம், உங்கள் கணவர் காலமானதற்கு வருந்துகிறேன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று. இதை வார்டில் என்னோடு வேலை செய்யும் நோராவிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்தப் பெண்ணை உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பிறகு எதற்கு ஜெபம்?"

"புருஷன் செத்துப்போனாரே, பாவம்."

"யாரும் சாகவில்லை. எல்லாம் பொய்."

"அப்பாடா, தேவனுக்கு ஸ்தோத்திரம்," என்றேன் நான். உண்மையிலேயே எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த வாரக் கடைசியில் நோராவின் கணவன் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஒரு சல்லடை போட்டுக் கொடுத்தான். இனி இந்த மாதிரிக் கடிதமெல்லாம் ஸ்பாம் என்ற தனிப் பெட்டிக்குப் போய்விடுமாம். திறக்காதே, படிக்காதே, பதில் எழுதாதே, தினமும் கொட்டிவிடு என்று சொல்லிவிட்டுப் போனான். முற்றம் பெருக்குகிற மாதிரி நானும் தினமும் காலையில் அந்தப் பெட்டியைக் கொட்டினேன்.

அதே வாரத்தில்தான் அப்பாவுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் எழுதியிருந்தேன்; ஊரில் பிரவுசிங் சென்டருக்குப் போய்த்தான் அவர் படிப்பார். அந்தோணியைப் பற்றி. அந்தோணி குளச்சல் கடற்புறத்துக் கத்தோலிக்கன். அவன் வீட்டார் மீன்பிடிக்கிறவர்கள். இங்கே அயர்லாந்தில், நான் இருக்கும் ஊரிலேயே அவனுக்கு எலெக்ட்ரீஷியன் வேலை. நாங்களோ மலையோரத்து ரப்பர் தோட்டத்துக்காரர்கள், வேறு சபை. குளச்சலுக்கும் அருமனைக்கும் பஸ்ஸில் சிறிது தூரம்தான். பெண் கொடுப்பதென்று வந்தால் அயர்லாந்தே பக்கம். அப்பா வேண்டாமென்றால் கட்டுவதில்லை என்று அந்தோணியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவனும் சரி என்றுதான் சொன்னான், ஆனால் முகம் சரியாக இல்லை.

அப்பாவிடமிருந்து பதில் இல்லை. போனில் கூப்பிட்டால் எப்போதும்போல, "மக்களே, வல்லதும் தின்னியா?" என்பார். பிறகு, "இங்க ஒரே மழ. ரப்பர் வெட்டு நடக்கல்ல." இங்கேயும் மழைதான் என்பேன். அதற்குமேல் இருவரும் மூச்சுவிட மாட்டோம். போன் இருப்பது முன்னறையில், எப்போதும் யாராவது சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், கல்யாணப் பேச்சை அங்கே எடுக்க முடியாது. எங்கள் வீட்டில் அப்பா ஒன்றைப் பற்றிப் பேசவே இல்லையென்றால் அது நடக்காது என்று அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தோணியிடம் சொன்னேன்: "அப்பாவுக்கு மனசில்ல. நாம இத விட்டிருவோம்."

"அவரு வாயால சொன்னாரா?"

"இல்ல."

"பின்ன நீயா சொல்லுதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். அன்று நான் நன்றாக அழுதேன்.

அடுத்த முறை போனை எடுத்தது அம்மா. அப்பா ரப்பர் ஷீட் காயப்போடப் பின்பக்கம் போயிருந்தார். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏட்டி, ஒனக்கு மனசாட்சி உண்டா? அந்த மனுசன் சென்டருல போய் இருந்து ஒத்த வெரலால தட்டித் தட்டி ஒனக்கு எழுதினாரு. அதுக்கு ஒரு பதிலு போடமாட்டியா? தெனமும் போய்ப் பாத்திட்டு வந்து பேசாம இருக்காரு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்பா எங்கள் சபையின் செயலாளர். வெளிநாட்டு மிஷன்காரர்களுக்கு எழுதி எழுதிப் பழகிய இங்கிலீஷ்தான் அவர் இங்கிலீஷ். மகளுக்கு எழுதினாலும் "கிறிஸ்துவுக்குள் மிகவும் பிரியமான" என்றுதான் ஆரம்பிப்பார். தலைப்பில் பெரிய எழுத்தில் 'அர்ஜென்ட்' என்று போடுவார். தந்தி காலத்து மனிதர், அர்ஜென்ட் இல்லாததை யார் படிப்பார்கள் என்பது அவர் எண்ணம். பக்கத்தில் 'ஸ்ட்ரிக்ட்லி கான்ஃபிடென்ஷியல்' என்றும் சேர்ப்பார், ஏனென்றால் அந்த பிரவுசிங் சென்டரில் அடுத்த தட்டிக்குப் பின்னால் இருப்பவன் எப்படியும் சொந்தக்காரனாகத்தான் இருப்பான். நோராவின் கணவன் போட்ட சல்லடைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவரைத் தளபதி மனைவியோடு சேர்த்துத் தள்ளியிருக்கிறது. நான் என் கையாலேயே கொட்டியிருக்கிறேன். ஓடிப்போய் ஸ்பாம் பெட்டியைத் திறந்தேன். காலையில்தான் சுத்தமாகப் பெருக்கி வைத்திருந்தேன், பாவி!

போனில் அப்பாவைப் பிடித்தேன். "எப்பா, என்ன எழுதினிய?"

"அது எழுத்துல கெடக்குல்லா."

"அது அழிஞ்சு போச்சுப்பா. குப்பையில போய் விழுந்திற்று."

"நான் எழுதினது குப்பையாக்கும்?"

"நான் போடல்லப்பா. மிஷினு போட்டது."

"மிஷினுக்கு என்னத் தெரியுமாக்கும்?" என்றார். பக்கத்தில் சித்தப்பா இருமுவது கேட்டது. "செரி, நாளைக்கு சென்டருக்குப் போறேன்."

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக ஸ்பாம் பெட்டியைத் திறந்தேன். மாத்திரைக்கும் லாட்டரிக்கும் நடுவில் பெரிய எழுத்தில் அர்ஜென்டாக அப்பா இருந்தார். "கிறிஸ்துவுக்குள் மிகவும் பிரியமான மகளுக்கு, எனது முந்தைய கடிதத்தில் விரிவாகக் கூறியுள்ளபடி, என் முடிவில் யாதொரு மாற்றமும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்." அவ்வளவுதான். கீழே கையொப்பம், சபையில் அவர் வகிக்கும் பதவி. சாயா பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. என்ன முடிவு, கர்த்தாவே, என்ன முடிவு? உருட்டிக் கீழே போனேன். பின்குறிப்பு ஒன்று இருந்தது: "கிறிஸ்துமஸுக்கு வரும்போது அந்தப் பையனையும் அழைத்து வரவும். கடற்புறத்துக்காரர்களுக்கு நம் வீட்டு மீன்கறி வாய்க்குப் பிடிக்குமா என்று உன் அம்மா இப்போதே கவலைப்படுகிறாள். பையன் வீட்டாரின் முழு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் உடனே அனுப்பி வைக்கவும்." அந்தக் கடைசி வரியைப் பார்த்தால் எந்த மிஷினும் சந்தேகப்படத்தான் செய்யும். நான் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் அந்தோணிக்குப் போன் செய்தேன். "எங்க அம்மைக்க மீன்கறியக் கொற சொல்லுவியா?" என்று கேட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது.

கல்யாணமாகி வருடங்கள் ஓடிவிட்டன. அந்த முதல் கடிதத்தில் விரிவாக என்னதான் எழுதினார் என்று அப்பா இன்றுவரை சொல்லவில்லை. கேட்டால், "எழுதினேன்லா" என்பார். இவர் குப்பை இல்லை என்று கம்ப்யூட்டருக்குப் பலமுறை பட்டனை அழுத்திச் சொல்லியும் பார்த்தேன். அப்பா அர்ஜென்டை விடவில்லை, சல்லடையும் அவரை விடவில்லை. எனவே காலையில் இன்பாக்ஸை நான் முதலில் திறப்பதில்லை. அங்கே மின்சார பில்லும், ஆஸ்பத்திரி ஷிப்ட் அட்டவணையும், நூலகத்து நினைவூட்டலும் என் பெயரைச் சரியாக எழுதி, மரியாதையாக வரிசையில் காத்திருக்கும். அந்தோணி பல் தேய்த்துக்கொண்டே, "மாமா வந்திற்றாரா?" என்று கேட்பான். "பாக்கேன், இரு" என்று சொல்லிவிட்டு, சாயாவோடு உட்கார்ந்து, என்னைப் பிரியமானவளே என்று கூப்பிடுகிற பொய்க்காரர்களை ஒவ்வொருவராக விலக்கி, நடுவில் எங்காவது அப்பா கிடக்கிறாரா என்று தேடுகிறேன்.